புரையேறினால் யாரும் நினைக்கவில்லை

(கோபாலபுரத்தில் நடந்த நம் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஆரோக்கியம் சம்பந்தமாக ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் சொன்னார். சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி இந்த மூன்றையும் பற்றி நம் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு நாம் எல்லோருமே பாதி டாக்டர் ஆகிவிட்டோம். அதனால் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். விழுங்குவது. சாப்பிடுவதைப் பற்றி நாம் மணிக்கணக்கில் பேசுவோம். விழுங்குவதைப் பற்றிப் பேசியதே இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, விற்பனை வரி இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவன். இந்த கோபாலபுரம் எனக்குப் புதிதல்ல. 1983-லிருந்து இரண்டு வருஷம் இங்கிருந்த சோதனைச் சாவடியில் வேலை பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து வரும் தக்காளி லாரி, வைக்கோல் லாரி, சிமெண்டு லாரி எல்லாம் இரவு முழுவதும் வரிசையில் நிற்கும். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபிறகு அந்த வரிச் சாவடிகளின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் நம் ஒவ்வொருவர் தொண்டையிலும் ஒரு சாவடி இருக்கிறது. அதை மூட எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

தொண்டையில் இரண்டு பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. மூக்கு வழியாக வரும் காற்று முன்பக்கக் குழாயில் இறங்கி நுரையீரலுக்குப் போக வேண்டும். வாய் வழியாக வரும் சாதம் பின்பக்கக் குழாயில் இறங்கி வயிற்றுக்குப் போக வேண்டும். ஒரே நாற்சந்தி. நாம் விழுங்கும் அந்த ஒரு விநாடியில் மூச்சு தானாக நிற்கிறது. குரல்வளை மேலும் முன்னுமாக எழும்புகிறது; கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தால் அது ஏறி இறங்குவது தெரியும். குரல்வளை மூடி கவிழ்கிறது, குரல் நாண்கள் இறுக மூடுகின்றன, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள் இதில் வேலை செய்கின்றன. எச்சில் விழுங்குவதையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 தடவைக்கு மேல் இது நடக்கிறது. எந்தச் சாவடியிலும் அவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

வயதானால் இந்த ஒழுங்கு சற்றே தளரும். தசை மெலியும், எச்சில் குறையும், பல் போகும், குரல்வளை எழும்புவதற்குக் கொஞ்சம் தாமதமாகும். இது நரை மாதிரி, வியாதி அல்ல. ஆனால் இதன்மேல் பக்கவாதமோ, பார்க்கின்சன் நோயோ, மறதி நோயோ, தொண்டையில் ஒரு கட்டியோ வந்து சேரும்போது சாவடி தவற ஆரம்பிக்கிறது. வயிற்றுக்குப் போக வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குப் போகிறது. வாயிலிருக்கும் கிருமிகளும் கூடவே போகின்றன. அதனால் வரும் நிமோனியாவுக்கு ஜப்பானில் 2017-லிருந்து மரணக் கணக்கில் தனித் தலைப்பே கொடுத்திருக்கிறார்கள். கிழவர்கள் மிகுந்த தேசம் அது. நம் கேரளமும் அந்த வழியில்தான் போகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அகில இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 8.6 சதவிகிதம் என்றால், கேரளத்தில் 12.6 சதவிகிதம்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இந்த விஷயத்தை நான் எடுத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

என் அண்ணா என்னைவிட ஏழு வயது மூத்தவர். தென்னந்தோப்பும் பசுக்களுமாக வாழ்ந்தவர். 2018-ல், பெரிய பிரளயம் வந்த அந்த வருஷம், ஆவணி அவிட்டத்துக்கு நான் அண்ணா ஆத்துக்குப் போயிருந்தேன். ஆசமனம் செய்யும்போது மூன்றாவது தடவை அண்ணாவுக்கு இருமல் வந்தது. உளுந்து மூழ்கும் அளவு ஜலம்தான். அதற்கே கண்ணில் நீர் வரும்படி இருமினார். மன்னி உள்ளேயிருந்து, "யாரோ நினைச்சுக்கறா" என்றாள். அண்ணா சிரித்துக்கொண்டே, "நம்மளை நினைக்க யார் இருக்கா" என்றார். நானும் சிரித்தேன். தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

தமிழில் புரையேறியது என்கிறோம். மலையாளத்தில் நெறுகயில் கேறி என்கிறார்கள், அதாவது உச்சந்தலைக்கு ஏறிவிட்டதாம். இரண்டு பாஷையிலும் மேலே ஏறியதாகத்தான் சொல்கிறோம். உண்மையில் அது கீழே, மூச்சுக்குழாய்க்குள் இறங்கப் பார்க்கிறது. உடம்பு இருமித் தள்ளுகிறது. எப்போதோ ஒரு தடவை, பேசிக்கொண்டே சாப்பிட்டதால் புரையேறினால் கவலையில்லை. அடிக்கடி ஏறினால், அதுவும் வெறும் தண்ணீருக்கே ஏறினால், யாரும் நம்மை நினைக்கவில்லை, நாம்தான் நம்மை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் நவராத்திரிக்குப் போனபோது அண்ணா காலை இட்லியை விட்டுவிட்டுக் கஞ்சிக்கு மாறியிருந்தார். "வயசாச்சு, லகுவா இருக்கட்டும்" என்றார். நல்ல பழக்கம் என்று பாராட்டினேன். தீபாவளி சமயத்தில் எல்லோரும் கை அலம்பிக்கொண்டு வந்தபிறகும் அண்ணா இலையில் உட்கார்ந்திருந்தார். "ரசிச்சுச் சாப்பிடறார்" என்றோம். மோர் குடித்தபிறகு அவர் குரல், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் களகளவென்று இருக்கும். சளி என்று நினைத்தோம். வேஷ்டி இடுப்பில் நிற்கவில்லை என்று பெல்ட் போட ஆரம்பித்தார். அதற்கும் நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன், இப்போது நினைவில்லை. நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் மூன்று தடவை ஜுரமும் இருமலும் வந்தன. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒருவரிடம் மருந்து வாங்கினோம், ஜுரம் இறங்கியது, மறந்தோம். மூன்று ஜுரத்தையும் ஒன்றாகச் சேர்த்து யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் நான். குரல்வளை மூடியைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்துப் பரீட்சை எழுதியவன் அந்தக் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

மார்ச் கடைசியில் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான், பார்க்கின்சன் நோய் இருக்கிறது, கை நடுக்கம் பெரிதாகத் தெரியாததால் யாரும் கவனிக்கவில்லை, விழுங்குவது கெட்டு நெடுநாள் ஆகியிருக்கிறது என்று சொன்னார்கள். அந்த இளம் டாக்டர் கேட்ட கேள்விகள் எல்லாம் மிகச் சாதாரணமானவை. சாப்பிட எவ்வளவு நேரம் ஆகிறது? எதைச் சாப்பிடுவதை நிறுத்தியிருக்கிறார்? எடை எவ்வளவு குறைந்தது? ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. யாரும் கேட்காததால் சொல்லவில்லை. 2019 மே மாதம் அண்ணா போய்விட்டார்.

அந்தக் கேள்விகளைத்தான் இன்று உங்களிடம் ஒப்படைக்க வந்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தைக் கவனியுங்கள். அரை மணிக்கு மேல் இழுத்தால் அது ரசனை அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கவளத்தையும் இரண்டு மூன்று தடவையாக விழுங்குகிறாரா, சாப்பிட்ட பிறகு கன்னத்து ஓரத்தில் சாதம் தங்கியிருக்கிறதா, அடிக்கடி தொண்டையைக் கனைக்கிறாரா என்று பாருங்கள். குடித்தவுடன் ஏதாவது பேசச் சொல்லுங்கள்; குரல் ஈரமாகக் கேட்கிறதா? இவ்வளவையும்விட முக்கியம், அவர் எதை விட்டுவிட்டார் என்பது. வயதானவர்கள் "என்னால் விழுங்க முடியவில்லை" என்று சொல்லவே மாட்டார்கள். "அப்பளம் பிடிக்கலை", "அவல் வேண்டாம்", "மாத்திரை கசக்கறது", "பந்தியில உட்கார வெட்கமா இருக்கு, அப்புறமா தனியா சாப்பிடறேன்" என்றுதான் சொல்வார்கள். ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காரணம் தேடியே ஆகவேண்டும். அடிக்கடி நெஞ்சில் சளி, ஜுரம் என்றாலும் அப்படியே.

இருமல் இல்லையே என்று நிம்மதி அடையவும் முடியாது. சிலருக்குத் தொண்டையின் உணர்ச்சியே மங்கிவிடும். சாப்பாடு தவறான குழாய்க்குள் போனாலும் இருமல் வராது. இதைத்தான் மிகவும் பயப்பட வேண்டும் என்கிறார்கள். எச்சரிக்கை மணி அடிக்காத சாவடி.

எதில் தடுக்கிறது என்பதும் டாக்டருக்குப் பெரிய துப்பு. தண்ணீர், காபி, மோர் போன்றவை முதலில் தகராறு செய்தால் பெரும்பாலும் நரம்பு சம்பந்தம். தண்ணீர் தாராளமாக இறங்குகிறது, ஆனால் தோசையும் சப்பாத்தியும் நெஞ்சில் நின்றுவிடுகின்றன, வாரத்துக்கு வாரம் அதிகமாகிறது என்றால் உணவுக்குழாயில் அடைப்பு இருக்கலாம்; தள்ளிப்போடாமல் எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். இது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால் சீரக வெந்நீர் குடித்து நாளைக் கடத்தக் கூடாது. திடீரென்று விழுங்க முடியாமல் போய், வாய் கோணி, பேச்சும் குழறினால் அது பக்கவாதம். அப்போது ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

ஆத்திலேயே செய்து பார்க்க ஒரு சின்னச் சோதனை ஜப்பானியர்கள் கண்டுபிடித்தது. தண்ணீரும் வேண்டாம், சாதமும் வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்து, குரல்வளை மேட்டில் விரலை லேசாக வைத்துக்கொண்டு, 30 விநாடிக்குள் எச்சிலை எத்தனை தடவை விழுங்க முடிகிறது என்று எண்ண வேண்டும். மூன்றுக்குக் குறைந்தால் யாரிடமாவது காட்டுவது நல்லது. வாய் உலர்ந்திருந்தால் எண்ணிக்கை குறையும் என்பதால் முதலில் நாக்கை நனைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, அமெரிக்காவில் 2008-ல் வெளியான பத்துக் கேள்விப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். மொத்தம் மூன்று அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கூடினால் சந்தோஷம், இதில் நேர்மாறு.

90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லிப் பார்க்கும் சோதனையும் உண்டு, 1992-லிருந்து இருக்கிறது. அதை ஆத்தில் செய்யாதீர்கள். ஏற்கெனவே தகராறு உள்ளவருக்கு அதுவே ஆபத்து. அது தெரிந்தவர் முன்னிலையில் செய்ய வேண்டியது.

தெரிந்தவர் யார்? இங்கேதான் நம்மில் பலர் வழி தவறுகிறோம். பேச்சுப் பயிற்சி நிபுணர் என்றால் திக்குவாய்க் குழந்தைக்கு என்று நினைக்கிறோம். பேசுவதும் விழுங்குவதும் ஒரே உறுப்புகளின் வேலை என்பதால், விழுங்குவதைச் சோதிப்பதும் பயிற்சி கொடுப்பதும் அவர்கள் படிப்பில் சேர்ந்தது. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இந்தப் படிப்புக்குப் பெயர் பெற்றது. திருவனந்தபுரத்தில் நிஷ் இருக்கிறது. நம் ஜில்லாவிலேயே ஷொர்ணூர் பக்கம் கவளப்பாறையில் நரம்பு சம்பந்தமான பேச்சுக் குறைகளுக்கென்றே ஐகான்ஸ் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்தால் சொல்வார்கள். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, விழுங்கும்போதே எக்ஸ்ரேயில் படம் எடுப்பது ஒரு முறை. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பது இன்னொன்று. எந்தக் குழாயில் எது போகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். பயிற்சி நிபுணரிடம் போகும்போது ஆர்சிஐ பதிவு உண்டா என்று கேளுங்கள். பழைய அதிகாரி, சான்றிதழ் கேட்காமல் விட மாட்டேன்.

நம் ஆசாரங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாப்பிடும்போது பேசாதே என்று பெரியவர்கள் சொன்னது ரொம்பச் சரி; பேச மூச்சு வேண்டும், விழுங்க மூச்சு நிற்க வேண்டும். தரையில் நிமிர்ந்து உட்கார்ந்ததும் சரி. ஆனால் எச்சில் படாமல் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிறோமே, அது விழுங்கும் தகராறு உள்ளவருக்கு ஆகாது. முதலுதவி வகுப்பில் மூச்சு நின்றவரின் தலையைப் பின்னுக்குச் சாய்த்து முகவாயைத் தூக்குகிறார்கள். எதற்கு? மூச்சுப்பாதை திறப்பதற்காக. நாமோ அதே நிலையில் தண்ணீரை ஊற்றுகிறோம். அவர்களுக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக வைத்துவிட்டால் எச்சில் தோஷமும் இல்லை. தலையை நேராக வைத்து ஒவ்வொரு வாயாகக் குடிக்கலாம். உம்மறத்துச் சாய்வு நாற்காலியில் படுத்தபடியே காபி குடிக்கும் சுகத்தையும், வருத்தத்தோடுதான் சொல்கிறேன், விட வேண்டும். சாப்பிட்டபிறகு அரை மணியாவது நிமிர்ந்து உட்கார வேண்டும்.

ஜுரத்தில் அரை மயக்கமாகக் கிடப்பவரை, "வெறும் வயிறா இருக்காரே" என்று எழுப்பிக் கஞ்சித் தண்ணீர் ஊற்றுவது நம் ஊரில் பிரியத்தின் அடையாளம். அண்ணாவுக்கும் ஊற்றினோம். நன்றாக விழித்து, உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் கொடுக்கலாம்.

ரசம் சாதம் லகு என்று நினைக்கிறோம். தண்ணியும் பருக்கையும் தனித்தனியாக ஓடும் அந்த மாதிரிச் சாப்பாடுதான் பலருக்குச் சிரமம். குழைவாகப் பிசைந்த தயிர் சாதம் அதைவிடச் சுலபமாக இறங்கும். அதற்காக நீங்களாகவே எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிட வேண்டாம். கெட்டித் தண்ணீர் பிடிக்காமல் குடிப்பதையே குறைத்துக்கொண்டு உடம்பு வறண்டுபோனவர்கள் உண்டு. யாருக்கு எவ்வளவு கெட்டி என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதற்கு உலகப் பொதுவாகப் பூஜ்யம் முதல் ஏழு வரை எட்டுப் படிகள் வகுத்திருக்கிறார்கள். மாத்திரையைப் பொடிப்பதும் டாக்டரைக் கேட்டபிறகுதான். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் சேர்ந்துவிடும். எலும்புக்காக வாரம் ஒரு தடவை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பல் தேய்ப்பதை வயதான காலத்தில் இரண்டு வேளையாக்குங்கள். வாய் சுத்தமாக இருந்தால் முதியோர் இல்லங்களில் நிமோனியா குறைகிறது என்று ஜப்பானியர்கள் 1999-லேயே எழுதியிருக்கிறார்கள்.

மெதுவாக வரும் ஆபத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று வருவதும் உண்டு. 2024 ஓணத்தின்போது நம் வாளையாறு பக்கத்தில் இட்லி தின்னும் போட்டியில், வாட்டசாட்டமான, ஐம்பது வயதுகூட ஆகாத ஒருவர் இட்லி தொண்டையில் அடைத்து இறந்துபோனார். இட்லிக்கே அப்படி. ஒருவர் இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். இருமவும் பேசவும் முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டால், முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து அடி, போகவில்லையென்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து, மாற்றி மாற்றி. இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். தலையில் தட்டுவதால் பிரயோஜனம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மன்னிக்கு அப்போது 78 வயது. பெங்களூரில் இருக்கும் பேத்தி தினமும் ராத்திரி எட்டரைக்கு, சாப்பாடெல்லாம் ஆனபிறகு, போனில் பேசுவாள். ஒரு நாள் ஏதோ காரணமாக ஏழரைக்கே வீடியோவில் கூப்பிட்டாள். மன்னி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய் சாதம், ஒரு வாய் தண்ணீர், ஒரு கனைப்பு. மறுபடி ஒரு வாய் சாதம், ஒரு வாய் தண்ணீர். பேத்தி உடனே என்னைக் கூப்பிட்டு, "தாத்தாவுக்கு இருந்த மாதிரியே இருக்கு" என்றாள். மறு வாரம் மன்னியை அழைத்துக்கொண்டு போனோம். எக்ஸ்ரேப் படத்தில் எதுவும் தவறான பாதையில் போகவில்லை. அரிப்புக்காக மாதக்கணக்கில் போட்டுவந்த அலர்ஜி மாத்திரை வாயை உலர்த்தியிருந்தது. பல் செட்டும் தளர்ந்து, மெல்ல முடியாமல் முழுசாக விழுங்கிக்கொண்டிருந்தாள். மாத்திரையை மாற்றினார்கள், பல் செட்டைச் சரிசெய்தார்கள், பயிற்சி நிபுணர் இரண்டு வாரம் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். இழந்த நாலு கிலோவில் மூன்று திரும்பி வந்துவிட்டது. மன்னி இதோ முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, தன் எடையைச் சபையில் சொன்னதற்காக என்னை முறைக்கிறாள்.

மும்பை, சென்னை, துபாய் என்று குழந்தைகள் இருக்கும் ஆத்துக்காரர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் சஞ்சிகையில் இந்த உரையைப் படிக்கும் குழந்தைகளும்தான். அப்பா அம்மா சாப்பிட்டு முடித்தபிறகு கூப்பிடாதீர்கள். சாப்பிடும்போது கூப்பிடுங்கள். நீங்கள் பேச வேண்டாம், அவர்களையும் பேசவைக்க வேண்டாம். போனை இலைக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள்.

வாசல் மேஜையில் பத்துக் கேள்விக் காகிதம் தமிழிலும் மலையாளத்திலும் வைத்திருக்கிறது. மூக்குக் கண்ணாடி கொண்டுவராதவர்களுக்காகப் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறோம். இலை போட இன்னும் கால் மணி இருக்கிறது என்று சமையல்காரர் சைகை காட்டுகிறார். அதற்குள் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்றும் அதற்கு மேலும் வந்தவர்கள் என்னை வந்து பாருங்கள், யாரிடம் போவது என்று உட்கார்ந்து பேசுவோம்.